லேகாக் கிராமத்தின் சன்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் பழைய கிராமங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். வில்ட்ஷயரைச் சேர்ந்த லேகாக்கைத் திரைப்படங்கள் எடுக்கப்படும் ஊர் என்று மட்டும் சொல்லி இரண்டு வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ நடத்தி, இருட்டறையின் சிவப்பு விளக்கில் பிரிண்ட் போட்டுக் குடும்பத்தைக் காத்த எனக்கு, புகைப்படக்கலை வேர்விட்ட அந்த ஊர் தாய்வீடு போன்றது.

அங்குள்ள மடாலயத்தை 13ஆம் நூற்றாண்டில் கன்னித்துறவியருக்காக நிறுவியவர் சாலிஸ்பரி சீமாட்டி ஈலா. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1539இல், மடம் கலைக்கப்பட்டுப் பின்னர் மாளிகையாக மாறியது. அதில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் படம் வரைய முயன்று, கை ஒத்துழைக்காததால், காட்சியை ஒளியே தாளில் எழுதிவிடாதா என்று எண்ணத் தொடங்கினார். ஊர் திரும்பியதும், உப்புநீரில் தோய்த்து வெள்ளி நைட்ரேட் பூசிய தாள்களைச் சிறு மரப்பெட்டிகளுக்குள் வைத்து மாளிகையைப் படம் பிடித்துப் பார்த்தார். அவருடைய மனைவி அந்தப் பெட்டிகளை எலிப்பொறிகள் என்றே அழைத்தாராம். 1835 ஆகஸ்டில் அவ்வாறு பதிவான ஒரு சன்னலின் படம், அஞ்சல் தலை அளவேயானது, இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகடிவ், அதாவது ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த மூலப்படம், ஆகும். எடுத்த புதிதில் பூதக்கண்ணாடி வைத்து சன்னலின் ஏறக்குறைய 200 கண்ணாடிக் கட்டங்களை அதில் எண்ண முடிந்தது என்று டால்பட் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

பிரான்ஸில் டாகெர் என்பவர் வெள்ளி முலாமிட்ட செப்புத்தகட்டில் பதித்த படத்துக்குப் பிரதி கிடையாது. டால்பட்டின் முறையிலோ ஒரு நெகடிவிலிருந்து வேண்டிய அளவு பிரிண்ட் எடுக்கலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 பிரிண்டுகளாக ஒட்டி ஒரே நீண்ட படமாக்கியதும் அந்த வழியில் வந்த தாள் நெகடிவ்களைக் கொண்டுதான்.

அந்தச் சன்னல் இன்றும் அதே சுவரில் இருக்கிறது. அதன் எதிரே நின்றபோது நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டால்பட்டின் பேத்தி மெடில்டா, 1944இல் மாளிகையோடு கிராமத்தின் பெரும்பகுதியையும் பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்தார். வீடுகளில் 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கட்டியவை மிகச் சில. தெருவில் மின்கம்பிகளோ தொலைக்காட்சி ஆன்டெனாக்களோ கண்ணில் படுவதில்லை. ஜார்ஜ் விடுதியின் அடுப்பருகே, இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவதற்காக நாயை உள்ளே நடக்கவிட்ட பழைய சக்கரத்தைக் காணலாம். ஆனால் அந்த வீடுகளில் இருப்பவர்கள் டிரஸ்டுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கும் சாதாரண மக்கள். அவர்களுடைய பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்குத்தான் போகிறார்கள்.

நான் சென்ற அன்று, பயணிகள் சிலர் ஒரு வீட்டின் சன்னலில் கேமராவை ஒட்டி வைத்துப் படமெடுக்க, உள்ளே உணவருந்திக்கொண்டிருந்த மூதாட்டி எழுந்து வந்து திரையை இழுத்து மூடினார். பிறர் வீட்டைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அடுத்த முறை லேகாக்கைப் பற்றி எழுதும்போது, டால்பட்டின் சன்னலைப் பற்றி ஒரு பத்தியும், குடியிருப்போர் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்,
கும்பகோணம்.