'ஏன்' என்ற வினாவுக்கு நான்கு சொற்கள் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வரும் சமூக அறிவியல் வினா விடைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். யார், எங்கே, எப்போது என்னும் வினாக்களுக்குத் தெளிவாக விடை தரும் அப்பக்கம், 'ஏன்' என்று கேட்கும் வினா வந்ததும் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

முதல் உலகப் போருக்கான காரணங்களையே எடுத்துக்கொள்வோம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்பட்டது உடனடிக் காரணம் என்று ஒரு வரி; அதன் கீழே ஆயுதப் போட்டி, கூட்டணிகள், காலனி ஆதிக்கம், தீவிர தேசியவாதம் என்று நான்கு சொற்கள். எதுவும் தவறில்லை, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கொலை பெரும் போராக மாறிய விதம் மாணவருக்கு இதிலிருந்து விளங்காது. கொலைக்குச் செர்பியாவைப் பொறுப்பாக்கி ஜூலை 23 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி அதற்கு 48 மணி நேரக் கெடு விதித்ததையும், செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட பிறகும் 28 அன்று போர் அறிவிக்கப்பட்டதையும், செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டியதால் ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி அதன் மீதும் 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் தொடுத்ததையும், மறுநாள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் அந்நாட்டின் நடுநிலைக்கு 1839 முதல் உறுதி அளித்திருந்த பிரிட்டன் களமிறங்கியதையும் வரிசையாகச் சொன்னால்தான் 'கூட்டணிகள்' என்ற சொல்லுக்கே பொருள் கிடைக்கும்.

அந்தச் சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1882-இல் ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் உடன்படிக்கை செய்துகொண்ட இத்தாலி, 1914-இல் நடுநிலை வகித்து, 1915 மே மாதத்தில் எதிரணியில் சேர்ந்து ஆஸ்திரியா மீதே போர் தொடுத்தது. கூட்டணிகள் தாமாகவே போரை மூட்டின என்று எழுதும் மாணவரிடம் இத்தாலியைப் பற்றி ஒரு துணைக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம். மனப்பாடம் அங்கே உதவாது, யோசிக்கத்தான் வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், பாரிஸில் சிறையாக இருந்த பாஸ்டில் கோட்டை ஏன் தாக்கப்பட்டது என்ற வினாவும் இத்தகையதே. சிறைப்பட்டோரை விடுவிக்க என்று எழுதுவோர் பலர். 1789 ஜூலை 14 அன்று அங்கே இருந்த கைதிகள் ஏழே பேர். அன்று காலையில் வேறோரிடத்தில் துப்பாக்கிகளைக் கைப்பற்றியிருந்த பாரிஸ் மக்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. அது கோட்டைக்குள் இருந்தது. கொடுங்கோன்மையின் சின்னம் என்ற விளக்கத்தை இதற்கு அடுத்ததாகத் தரலாம்.

இடப்பற்றாக்குறை தங்களுக்கு இருக்கும் என்பதை அறிவேன். வினாக்களின் எண்ணிக்கையைக் குறைத்து, காரணம் கேட்கும் ஒன்றுக்காவது அரைப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு, முதல் போரின் முடிவில் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையே காரணம் என்ற வழக்கமான விடையிலிருந்து தொடங்கலாம். உடன்படிக்கை 1919-இல் கையெழுத்தானது, போர் 1939-இல் தொடங்கியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் 1929-இன் பொருளாதாரப் பெருமந்தமும் 1933 ஜனவரியில் ஹிட்லர் பிரதமரானதும் எந்த வரிசையில், எதனோடு எது தொடர்புபட்டு வருகின்றன என்பதை அப்பகுதி விளக்கினால் மாணவர்களோடு ஆசிரியர்களும் பயன்பெறுவர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்