மயான காண்டமும் உன் கந்தோரும்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பிக்கு,

காணாமற்போன மகனைத் தேடி உன் கந்தோருக்கு வந்தா என்று நீ போனில் சொன்ன அந்த அம்மாவின் நினைவாகவே இருக்கிறேன். மரணச் சான்றிதழ், இல்லாவிட்டால் காணாமற்போனமைக்கான சான்றிதழ், ஏதாவது ஒன்றை எடுங்கோ என்று படிவத்தை நீட்டுகிற அலுவலகக் கதிரையில் உன்னை இருத்தியிருக்கிறார்கள். அவவோ, இரண்டும் வேண்டாம், என் பிள்ளை எங்கே என்று கேட்கிறா. வேலையை விடட்டோ என்று கேட்டாய். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் அப்பு என்னைக் கோயில் திருவிழாக்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது காங்கேசன்துறை வைரமுத்து நடித்த மயான காண்டம், அரிச்சந்திரன் கதையின் சுடலைப் பகுதியைச் சொல்லும் நாடகம். பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைச் சந்திரமதி தனியே சுமந்துகொண்டு சுடலைக்கு வருவாள். அங்கே காவல் நிற்பவன் அவள் புருசன் அரிச்சந்திரன். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்பான். இல்லையென்று அவள் அழ, கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டுவா என்பான். புருசன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தாலி அது. அப்போதுதான் அவளுக்கு ஆள் பிடிபடும். சனம் முழுக்க விம்மி அழும். ஆனால் செத்தது தன் பிள்ளை என்று அறிந்த பிறகும் அவன் வரியை விடவில்லை.

ஊர் அதைச் சத்தியம் என்று கொண்டாடியது. நான் சந்திரமதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தெய்வம் வந்து பிள்ளையை எழுப்பும் முடிவும் எனக்குப் பிடிப்பதில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தில் இருக்கத் தொடங்கிய தாய்மாருக்கு யார் வந்தார்கள்? மறுமொழி கிடைக்காமலே செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு இடத்தை நான் மறப்பதில்லை. பணமும் துண்டும் எசமான் வீரவாகுவுக்குச் சேர வேண்டியவை. வாய்க்கரிசி காவற்காரன் பங்கு. அதை மட்டும் அரிச்சந்திரன் விட்டுத்தருகிறான். அவனுடையது என்று அங்கே இருந்தது அவ்வளவுதான்.

தம்பி, உன் பங்கு எது என்று பார். காணாமற்போனமைச் சான்றிதழ் 2016 இல் கொண்டுவந்த சட்டத்தால் வந்தது, அதை நீ மாற்ற ஏலாது. ஆனால் ஆறுதலாக விளங்கப்படுத்தலாம். அந்தச் சான்றிதழை எடுத்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகாது. இரண்டு வருசத்துக்குத்தான் அது செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதைக் காட்டி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணியையும் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் சொன்ன பிறகும் அவ வேண்டாம் என்றால், வேண்டாம் என்றதையும் ஏன் என்றதையும் அவ சொன்னபடியே கோப்பில் எழுதி வை. நாளைக்கு ஒருத்தர் அந்தக் கோப்பைத் திறந்தால், ஒரு தாய் மறுத்திருக்கிறாள் என்றாவது தெரியட்டும்.

மாத முடிவுக்குள் இத்தனை படிவம் வேண்டும் என்று நெருக்குகிறார்களாம். அந்த அவசரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேள். பயப்படாதே.

வேலையை விடாதே. உன் கதிரைக்கு வருகிறவன் அவவை இருங்கோ என்று கூடச் சொல்வானோ தெரியாது. அடுத்த முறை வந்தால் முதலில் மகனின் பெயரைக் கேள். படம் கொண்டுவந்திருந்தால் வாங்கிப் பார். படிவத்தைப் பிறகு எடுக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா