வரி கட்டியாச்சு என்றால், எந்த மாநிலத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கே.வி.குப்பத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. போன தை மாதம் நாங்கள் வாங்கிய பழைய காரைப் பற்றியும், அதற்குக் கட்ட வேண்டி வந்த வரியைப் பற்றியும் எழுதுகிறேன். ஆந்திரா எல்லையை ஒட்டி, கர்நாடகாவுக்கும் பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

கார் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. என் மாமியாருக்குச் செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ். காலையில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விடலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். ஊசி குத்திய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லத்தேரி வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிடுவார். வாடகைக் காரில் போய்வர ஆயிரத்து நானூறு ரூபாய், மாதத்துக்கு எட்டு நடை. என் கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தில் பாதி இதற்கே போனது. மகனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, அப்புறம் ஏன் யோசிக்க வேண்டும், பழைய வண்டி ஒன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு மாதம் தேடினோம். 2017-ஆம் வருஷத்து மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. நம் ஊர் டி.என். 23 நம்பரில் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் குறைந்து யாரும் தரவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு புரோக்கர் வந்தார். அதே வருஷம், அதே மாடல், கிலோமீட்டரும் குறைவு, மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்றார். ஏன் தம்பி இவ்வளவு குறைச்சல் என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். “இது கே.ஏ. வண்டிக்கா, பெங்களூர் நம்பர், அதான் இந்த ரேட். லைஃப் டேக்ஸ் கட்டின வண்டி. நீங்க இனிமே ஒரு ரூபா வரி கட்ட வேண்டியதில்ல” என்றார். என் மகன் போனில், வண்டி விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து நம்பரைப் போட்டுப் பார்த்தான். வரி என்ற இடத்தில் எல்.டி.டி. என்று வந்தது. ஆயுட்கால வரி கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்சூரன்ஸ் இருந்தது, கடன் எதுவும் காட்டவில்லை. அந்த மூன்று எழுத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்தோம்.

அந்த மூன்று எழுத்து பொய் சொல்லவில்லை. வரி கட்டியிருந்தது உண்மைதான், ஆனால் கட்டியது கர்நாடகத்துக்கு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது ஒரு ரூபாய் கூட வரி கட்டாத வண்டி. இது எங்களுக்குத் தெரிந்தது ஆறு வாரம் கழித்து, பெயர் மாற்றப் போனபோதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்.ஓ.சி. எங்கே? நம்ம வரி எங்கே?” என்று இரண்டே கேள்வி கேட்டார். என்.ஓ.சி. என்பது வண்டி முதலில் பதிவான மாநிலத்து அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று. நான் ஆர்.சி.யை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

வண்டிக்கு நம்பர் கொடுப்பது ஒரு சட்டம், வரி வாங்குவது வேறு சட்டம். நம்பர், ஆர்.சி., பெயர் மாற்றம் எல்லாம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வருகின்றன. அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வரி அப்படியில்லை. வாகனங்கள் மேல் வரி போடுவதை அரசியல் சாசனமே மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. நமக்கு 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். கர்நாடகத்துக்கு அவர்களுடைய சட்டம். அங்கே பதினைந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தாலும், வண்டி இங்கே வந்து இங்கே இருக்கிறவர் பெயருக்கு மாறினால் இங்கே உள்ள வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

‘வெளிமாநில வண்டியை ஒரு வருஷம் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள். அந்தப் புரோக்கரும் அதையே சொன்னார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு பன்னிரண்டு மாதம் என்று சொல்வது உண்மை. ஆனால் அது, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்ற விதி. வேலைக்காக ஊர் மாறி வருகிறவர் தன் சொந்த வண்டியோடு வருவதை நினைத்துப் பாருங்கள், விளங்கும். வாங்கியவருக்கு அந்தப் பன்னிரண்டு மாதம் கிடையாது. 50-ஆவது பிரிவின்படி, வண்டியை வாங்கியவர் முப்பது நாளுக்குள் தன் பகுதி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் போனபோதே நாள் கடந்திருந்தது.

அப்புறம் கணக்கு. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதுக் காருக்கு ஆயுட்கால வரி, ஐந்து லட்சம் வரை 12 விழுக்காடு, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயது ஏற ஏற விழுக்காடு குறையும். ஆனால் அந்த விழுக்காட்டை நாங்கள் கொடுத்த மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தின் மேல் போடவில்லை. 2017-இல் அந்த வண்டியைப் புதிதாக வாங்கியபோது போட்ட பில்லில் இருந்த விலையின் மேல் போட்டார்கள். அது ஆறு லட்சத்துக்கும் மேல். வரி அரை லட்சத்தைத் தாண்டியது.

இப்போது திரும்பிப் பாருங்கள். நம்மூர் வண்டிக்கும் அந்தப் பெங்களூர் வண்டிக்கும் விலை வித்தியாசம் ஐம்பத்தைந்தாயிரம். நாங்கள் மிச்சம் என்று நினைத்தது மிச்சமே இல்லை. அது தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய வரி. வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணமே இதுதான் என்று இப்போது புரிகிறது. கூட்டுறவு வங்கியில் என் வளையல் இரண்டை வைத்துத்தான் வரியைக் கட்டினோம்.

வரியைவிட அலைச்சல் பெரிது. புரோக்கர் எங்களிடம் கொடுத்தது பெயர் மாற்றத்துக்கான 29, 30 என்ற இரண்டு படிவங்களில் கையெழுத்து மட்டும். வெளிமாநில வண்டிக்கு 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி வேண்டும். ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். என் மகன் இரண்டு முறை பெங்களூர் போய்வந்தான். ஒயிட்ஃபீல்டு பக்கம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தான். அந்த மனிதர் நல்லவர். தன் வண்டி இன்னும் தன் பெயரிலேயே ஓடுகிறது என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். புரோக்கர் கைக்குப் போனதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

விற்கிறவர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் மேல்தான் வரும். பெயர் மாறாத அந்த ஆறு வாரத்தில் என் மகன் எங்காவது மோதியிருந்தால் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அந்த மனிதர் கோர்ட்டுக்கு அலைந்திருப்பார். நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

உள்ளூர் வண்டி என்றால் கவலை இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. பள்ளிகொண்டாவில் என் நாத்தனார் மகன் டிராவல்ஸில் ஓடிய டி போர்டு வண்டி ஒன்றை மலிவாக வாங்கினான். வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வருகிறவர்களை நம்பி இந்தப் பக்கம் டிராவல்ஸ் நிறைய. ஓட்டம் குறைந்தால் வண்டியை ஷெட்டில் போட்டுவிடுவார்கள். அந்த வண்டிக்கு அவ்வப்போது கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். ஓட்டாமல் நிறுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஷெட்டில் நின்ற நாளுக்கெல்லாம் வரி ஏறி, அபராதமும் சேர்ந்து நின்றது. அந்தப் பாக்கியைத் தீர்த்து, பர்மிட்டை ஒப்படைத்து, சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்ற ஆயுட்கால வரியும் கட்டிய பிறகுதான் பெயர் மாறியது. பாக்கி வைத்தவர் யாரோ, கட்டியவன் இவன்.

எனக்கு வரி மேல் கோபமில்லை என்பதை ஆசிரியர் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சாலையில்தான் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இந்த அரசுக்கு வரி கட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே வண்டிக்கு இரண்டு மாநிலம் வரி வாங்குவது நியாயமா என்று என் கணவர் கேட்கிறார். அதற்குக்கூட வழி இருக்கிறது. கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதமுள்ள வருஷத்துக்கு உரிய பங்கை, வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதற்கு ஆதாரம் காட்டி அங்கே திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்த வரியைக் கட்டியவர் பழைய உரிமையாளர். அவர் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காது. வண்டி வாங்கும்போதே, வரி திரும்ப வந்தால் அது வாங்குகிறவருக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதி வாங்கியிருந்தால் இப்போது இத்தனை கெஞ்சல் தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கு அப்படி எழுதலாம் என்றே தெரியாது.

தெரியாது என்பதுதான் என் குறை. கட்டும் நாளன்று தெரிகிற தொகை, வாங்கும் நாளன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அந்த நான்கு லட்சத்து நாற்பதாயிரம் வண்டியையே வாங்கியிருப்போம், இரண்டு பெங்களூர் பயணமும் வளையலும் மிஞ்சியிருக்கும். இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். இருப்பதெல்லாம் எல்.டி.டி. மாதிரி ஆங்கிலச் சுருக்கெழுத்து. எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதில் என்ன படிப்பேன்?

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது இதுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட அலுவலகங்களின் வாசலில், வெளிமாநில வண்டி வாங்குவோர் கவனத்துக்கு என்று தமிழில் பெரிதாக ஒரு பலகை வையுங்கள். நம்பரையும் பழைய பில்லையும் கொண்டுவந்தால், வாங்குவதற்கு முன்பே, இந்த வண்டிக்கு நம் வரி இவ்வளவு என்று எழுதித் தர ஒரு ஆளை உட்கார வையுங்கள். இன்னொன்று, பழைய வண்டி வாங்கி விற்கும் தொழில் செய்கிறவர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் விதி நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்று இல்லாமல் எங்கள் பக்கத்தில் வியாபாரம் செய்கிறவர்களைத் தட்டிக் கேளுங்கள். சான்று பெற்றவர்களிடமும், வண்டியின் கண்ணாடியில் விலையோடு சேர்த்து எந்த மாநில வரி கட்டியது, தமிழ்நாட்டு வரி எவ்வளவு பாக்கி என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

வாங்குகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய பில்லைக் கேளுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரோடு போனிலாவது ஒரு முறை பேசிவிடுங்கள். என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு மீதிப் பணம் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் வண்டிக்குப் போன வாரம் டி.என். நம்பர் வந்துவிட்டது. வரியைத் திரும்பக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட ஒயிட்ஃபீல்டுக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி என்பதால் வருகிற புதன்கிழமை என் மகன் புறப்படுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்.