பீச் மலையின் கதைசொல்லி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாய்மொழிக் கதைகளை அச்சிட்டுக் கொண்டாடும் நாம், அவற்றைச் சொன்னவர்களை மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்த பீச் மலையில் 1922இல் பிறந்து 2003இல் மறைந்த ரே ஹிக்ஸ், பயிர் செய்தும் மூலிகை சேகரித்து விற்றும் வாழ்ந்த எளிய குடியானவர். பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ‘ஜாக்’ கதைகளை முன்னோர் வழியாகக் கேட்டறிந்து, பழைய மலைவழக்கு மாறாமல் ஆயுள் முழுவதும் சொன்னார்.

அவற்றுள் ஒன்றில், ஜாக் மரணத்தையே மந்திரச் சாக்கில் பிடித்துக் கட்டி, மரத்தில் தொங்கவிடுகிறான். ஆண்டுகள் உருண்டோடியும் எவரும் சாவதில்லை. கூனிப்போய், மூக்கு முழங்காலில் இடிக்க நடந்துவரும் கிழவி ஒருத்தி, சாவைக் கட்டிவைத்த பாவி எவனோ என்று அவனிடமே புலம்ப, ஜாக் மனம் கலங்கிச் சாக்கை இறக்கி அவிழ்க்கிறான்; உடனே அவனும் செத்து விழுகிறான். படித்தால் ஒரு நிமிடத்தில் முடியும் இக்கதை, ஹிக்ஸின் குரலில் பக்கத்து வீட்டுச் சேதியாகவே ஒலிக்கும்.

டென்னசி மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில் 1973இல் தொடங்கிய தேசியக் கதைசொல்லல் விழாவில் முதல் ஆண்டே கதை சொன்ன அவருக்கு, 1983இல் அந்நாட்டின் தேசிய மரபுக் கலை விருது கிடைத்தது. விருதைவிட, அவர் குரல் ஒலிப்பதிவாக எஞ்சியிருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாட்டார் கதைகளை வெளியிடும்போது, சொன்னவரின் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு, அவருடைய வழக்குச் சொற்களைத் திருத்தாமல் வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்