கல் நகர்ந்தது, கல்லறை நகரவில்லை

அன்புள்ள கயல்,

"அது அசல் கோவிலே இல்லைம்மா, மியூசியத்துக்குள்ள போட்ட செட்டு" என்று போனில் சொன்னாயே, இரண்டு நாளாக அதுவே மண்டைக்குள் சுற்றியது. சரி, பார்த்தே விடலாம் என்று சனிக்கிழமை பஸ் பிடித்து, பழைய கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கும் அந்த செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி மியூசியத்துக்குப் போய் வந்தேன். கார்டிஃபில் இத்தனை வருஷம் இருந்தும் புனித டைலோ கோவிலுக்குள் நான் நுழைந்தது இப்போதுதான்.

கல்லெல்லாம் அசல்தான். தென் வேல்ஸில் பொண்டர்துலைஸ் ஊருக்குப் பக்கத்தில், லக்கர் ஆற்றங்கரைச் சதுப்பில், நூற்றாண்டு நூற்றாண்டாகக் கூட்டிக் கட்டிய பங்குக் கோவில் அது. 19ஆம் நூற்றாண்டில் ஊருக்குள் புதுக் கோவில் வந்ததும் இதைத் தேடிப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 1980களில் பிரித்து, கல் கல்லாக எண் போட்டு எடுத்து வந்தார்கள். பிரிக்கும்போதுதான் சுண்ணாம்புக்கு அடியில் ஓவியங்கள் தெரிந்திருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தில், கோவிலில் படங்கள் ஆகாது என்று வெள்ளையடித்து மூடியவை. மறுபடி எழுப்ப இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2007 அக்டோபரில் திறந்து வைத்தவர் அப்போதைய கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ்.

உன் பேச்சில் பாதி நியாயம் உண்டு. அசல் ஓவியத் துண்டுகளைப் பத்திரப்படுத்திவிட்டு, 1530 வாக்கில் இருந்திருக்கும்படி சுவரில் புதிதாக வரைந்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோபரைப் பார்த்ததும் எனக்குத் திருவிழாத் தட்டி ஞாபகம் வந்தது, அப்படி ஒரு சிவப்பு! அவர் முகத்தில் விழித்தால் அன்றைக்குத் திடீர்ச் சாவு வராது என்று நம்பி, வாசலுக்கு எதிரே அவரை வரைவது அந்தக் கால வழக்கம். வாசலிலிருந்தே, எழுத்தறியாத உழவன் கண்ணுக்கும் எட்ட வேண்டுமே. மங்கலாக வரைந்து என்ன பயன்? மங்கிப்போனதுதான் பழசு என்று நமக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

வெளியே வந்து கோவிலைச் சுற்றி நடந்தபோதுதான் எனக்கு உறுத்தியது. ஆறு இல்லை. அந்தப் பங்கு மக்களின் கல்லறைகளும் இல்லை. அவை அங்கேயே, பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஞானஸ்நானம் கொடுத்த கோவில் இங்கே, ஞானஸ்நானம் பெற்றவர்கள் அங்கே. செட்டு என்று நீ சொன்னதற்கு இதைக் காரணமாகச் சொல்லியிருந்தால் அப்போதே ஒத்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாய் அல்லவா, ரயிலில் பொண்டர்துலைஸ் போய் அந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். சதுப்பு நிலம், நல்ல பூட்ஸாக எடுத்து வா. போன தடவை மாதிரி என்னுடையதைப் பிடுங்கிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா