காகத்தை ஆர் கீறினது?

மச்சான்,

மூண்டு மாசமா மறுமொழி போடேல்லை எண்டு பேசாத. உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டனான். அம்மாவுக்கு இப்ப சுகம், முழங்கால்தான் இன்னும் பிரச்சினை. நீ குடுத்துவிட்ட சொக்லேட்டை ஒட்டகம் வழியிலயே முடிச்சுப்போட்டான், அது நீ நினைச்சதுதானே.

ஒரு பிழை விட்டுட்டன்டா, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

இந்தமுறை பெடியளுக்கு ரெண்டு நிமிசப் படம் ஒண்டை ஒப்படையாக் குடுத்தனான். நீ முந்திப் படிப்பிச்ச, இங்கிலாந்துப் பரீட்சைச் சபை ஓ.சி.ஆரின்ர மீடியா ஸ்டடீஸ் புள்ளிக்கணக்கை அப்பிடியே எடுத்தன், ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, படத்துக்கு 60, கடைசியில பெடியள் தாங்களே தங்கட வேலையைப் பற்றி எழுதுற மதிப்பீட்டுக்கு 20. ஒரு குழு கொண்டந்த பைலைப் பாத்தா நீயே வாயைப் பிளந்திருப்பாய், படம் எடுக்கமுதல் கட்டம் கட்டமாக் கீறுற ஸ்டோரிபோர்ட் கலர்ல, ஒவ்வொரு ஷொட்டுக்கும் கமெரா எங்க நிக்குது, எத்தினை செக்கன் எண்டு எழுதி, செலவுக்கணக்கு, ஸ்பைரல் பைண்டிங் வேற. திட்டமிடலுக்கு 18 போட்டுட்டன். பேந்து ராத்திரி அவையின்ர மதிப்பீட்டை வாசிக்கிறன், பண்ணைக் கடற்கரையில படம் எடுக்கேக்க எதிர்பாராத விதமாகக் காகம் ஒன்று வந்து கல்லில் அமர்ந்தது, அது காட்சிக்கு அழகு சேர்த்தது எண்டு கிடக்கு. எனக்கு எங்கயோ இடிச்சுது. எழும்பிப்போய் பைலை விரிச்சா 14ஆவது கட்டத்தில காகம் இருக்குதடா! அதே கல்லில, அதே பக்கம் திரும்பிக்கொண்டு!

படத்தை முடிச்சுப்போட்டு ஒவ்வொரு ஷொட்டா நிப்பாட்டி, அதைப் பாத்துக் கீறியிருக்கினம். தனிய இருந்து சிரிச்சன். பேந்து மற்றப் பெட்டையின்ர ஞாபகம் வந்துது, சிரிப்பு நிண்டுட்டுது.

அவ தனியச் செய்தவ. தந்தது ஒரு சி.ஆர். கொப்பி, அதிலயும் பாதி அரசியல் நோட்ஸ். மிச்சத்தில "பண்ணை, காத்து, சத்தம் விளங்காது" எண்டு எழுதி வெட்டி, "அப்பாச்சி வீட்டுக் குசினி, 4 மணிக்கு யன்னலால வெயில்", பேந்து அதுக்குக் கீழ "அப்பாச்சி நடிக்கமாட்டாவாம், கை மட்டும்". படத்தில அந்தக் கைதான் தேங்காய் திருவுது. நான் அதை ஏதோ ஸ்டைல் எண்டு நினைச்சு படத்துக்கு நல்ல புள்ளி போட்டன், திட்டமிடலுக்கு 9. ஒழுங்கில்லையாம்! மதிப்பீட்டிலயும் அவ ஒராள்தான் தன்ர பிழையளை எழுதினவ, மற்றவை எல்லாரும் நன்றியுரை வாசிச்சிருக்கினம், பல அனுபவங்களைப் பெற்றோம், ஒத்துழைத்த அனைவருக்கும் எண்டு.

படத்துக்கு முதல் செய்விக்கிற, கதவைத் திறந்து வந்து கதிரையில இருந்து ரெண்டு வசனம் கதைக்கிற அந்தச் சின்னப் பயிற்சியை மினக்கேடு எண்டு நான் விட்டதும் பிழைதான். அது இல்லாம உங்கட ஓ.சி.ஆர். மதிப்பீட்டின்ர ஏழாவது கேள்வி, அதில இருந்து இதுக்கு வரேக்க என்ன படிச்சாய் எண்டதை, எப்பிடிக் கேக்கிறது? 2017இல இங்கிலாந்தில புதுப் பாடத்திட்டம் வந்து செய்முறையை 30 வீதமாக்கி, கடைசி மதிப்பீட்டையும் தூக்கிப்போட்டாங்கள் எண்டு நீ கத்தேக்க நான் பகிடி பண்ணினனான். இப்ப விளங்குது.

ஆனா மச்சான், நாங்கள் மட்டும் என்ன திறமே? கலியாணவீட்டுக் கமெராவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, ஒன்பது ஷொட்டுக்கு ஒரு கிழமை மண்ணில கீறினம். பற்றறி இல்லை, அதுதான் காரணம். இவங்களிட்டப் போன் கிடக்கு, நாப்பது தரம் எடுத்துப் பாத்துத்தான் யோசிக்கிறாங்கள், அதுவும் ஒரு மாதிரித் திட்டமிடல்தானோ எண்டு எனக்கு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. சரி, எண்டாலும் 18?

வெள்ளிக்கிழமை புள்ளி குடுக்கவேணும். நாளைக்கு பைலையும் கொப்பியையும் மேசையில வைச்சு, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு "எதை மாத்தினனீங்கள், ஏன்?" எண்டு கேக்கப்போறன். உன்னட்ட அந்தப் பழைய புள்ளித்திட்டம் கிடந்தா இண்டைக்கே வட்ஸ்அப்பில போடு. காகத்தைக் கீறினவன் நல்லாத்தான் கீறியிருக்கிறான், அதையும் அவனுக்குச் சொல்லவேணும்.

ஒட்டகத்திட்ட இனி ஒண்டும் குடுத்துவிடாத.