செயலாளர் ஆண்டறிக்கை 2024-25 (மஞ்சக்குப்பம், கடலூர்)

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும், இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைச் சபையின் முன் வைக்கிறேன். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, கொசுமருந்து, நாய்த்தொல்லை பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. விளக்கு எரிகிறது. நாய்கள் அப்படியேதான் இருக்கின்றன.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் பயமெல்லாம் காற்றைப் பற்றித்தான். 2011 'தானே' புயலைப் பார்த்த ஊர் இது. ஆனால் இந்த முறை ஆபத்து மேற்கிலிருந்து வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட்டதில், தென்பெண்ணை கரைமீறிக் குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. முதல் நாள் நாம் உணவுப் பொட்டலங்களோடு போனோம். ஏற்கெனவே அங்கே சோறு மிஞ்சிக் கிடந்தது. அங்கிருந்த பெண்கள் கேட்டது காய்ந்த பாய், நாப்கின், கொசுவத்தி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். மறுநாளிலிருந்து அவற்றைத்தான் கொண்டுபோனோம். அடுத்த மழைக்கு முன்பே பாய்களை வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

அப்புறம் அண்ணா பாலம். நாம் அன்றாடம் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்வரும் வழி. பாலத்துக்கு அடியில் ஓடும் கெடிலம் ஆற்றில் குப்பை கொட்டுவது யார் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோமே, சில காலை வேளைகளில் பாலத்தின் முனையில் நின்று பார்த்தோம். வண்டியை யாரும் நிறுத்துவதுகூட இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டிய பை, பாலத்தின் நடுவில் வேகம் சற்றுக் குறைகிறது, கை நீள்கிறது, பை கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடுகிறது. நிறுத்தி விசாரித்தவர்களில் பாதிப் பேர் கொண்டுவந்தது வீட்டுக் குப்பையே அல்ல. வாடிய பூஜைப் பூ, கண்ணாடி உடைந்த சாமி படம், போன வருஷத்து மாவிலைத் தோரணம். "குப்பைத்தொட்டியில போட மனசு வரலைங்க, ஆத்துல விட்டா தோஷமில்லை" என்றார் ஒரு அம்மா.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்று தோன்றியது. அதனால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த ஒரு பழைய டிரம்மைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வைத்தோம். பூவுக்கு மட்டும். நம்புங்கள், அது நிரம்புகிறது! பூக்கள் உரக்குழிக்குப் போகின்றன. படச் சட்டங்களை ஒரு தச்சர் வாங்கிக்கொள்கிறார். பிளாஸ்டிக் பை வீசுகிறவர்களுக்கு என்ன மருந்து என்று இன்னும் பிடிபடவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேல் வலை அடிக்கக் கேட்டு உரிய அலுவலகத்துக்கு இருமுறை எழுதினோம், பதில் இல்லை. இந்த ஆண்டு நேரில் போகலாம்.

தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள் தென்பெண்ணை மணலில் நம் இளைஞர்கள் துப்புரவுப் பணி செய்தார்கள். கோணி கோணியாக டீ கப், சுருளிக் கிழங்குத் தோல், ஒற்றைச் செருப்புகள்! ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஊரை மூழ்கடித்த அதே ஆற்றுக்குச் சாமிகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள், எந்தக் கோபமும் இல்லாமல்.

ஊரின் பழைய இடங்களைப் பார்க்க நாம் போகும் ஞாயிறு நடைகளில் கூட்டம் கூடியது தேவனாம்பட்டினம் நடைக்குத்தான். அங்குள்ள புனித டேவிட் கோட்டையைப் பார்க்கப் போய், இவ்வளவுதானா என்று பிள்ளைகள் முகம் சுருங்கியதும் உண்மை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றித் தகர்த்த பிறகு மிஞ்சியது சிதிலம்தானே. ஆனால் 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராத்தியரிடம் வாங்கிய கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடியின் 'குண்டு' அதுதான் என்பார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் சில ஆண்டுகள் ஆங்கிலேயரின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. ராபர்ட் கிளைவும் இங்கே கவர்னராக இருந்தவர். இவ்வளவையும் சொல்ல அங்கே ஒரு நல்ல தமிழ்ப் பலகை வேண்டாமா? வாசகத்தை எழுதிக் கொடுக்க நாம் தயார்.

கரையேறவிட்டகுப்பம் நடைக்கு வந்தவர்கள் குறைவு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் இடம், இன்று கடலிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது பாருங்கள். கெடிலம் ஒரு காலத்தில் திருப்பாதிரிப்புலியூருக்குத் தெற்கே, கேப்பர் மலை ஓரமாக ஓடியதாக ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆறு இடம் மாறும் என்பதை மனை வாங்குகிறவர்கள் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளலாம்.

பூங்காவில் இரண்டு பெஞ்சுகளுக்குப் பலகை மாற்றினோம். ஊஞ்சல் சங்கிலி இன்னும் பாக்கி.

ஒரே ஒரு கோரிக்கை. ஆண்டுவிழாவுக்குப் பந்தல், மைக், பொன்னாடை என்று செலவழிப்பதைப் பாதியாகக் குறைத்து, பாலத்தின் அந்தப் பக்கமும் ஒரு டிரம், வெள்ளத்துக்குப் பாய்கள் என ஒதுக்க வேண்டும். பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து பேசலாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் கணக்கை வாசித்ததும் டீ, வடை உண்டு.

செயலாளர்